தன்னைக் கையில் ஏந்தியவர்கள்

நெடுவரம்பு ஊரில் முதன்முதலாகத் தான் பிறந்ததை நினைத்துப் பார்த்தவன் மைக்செட் உச்சிமாகாளி. கொடைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பங்குனிப் பிற்பகலில், அம்மன் கோயில் தெரு முக்கில் ஏணிமேல் நின்று சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்தவன், வயரைப் பல்லில் கடித்தபடியே கீழே இறங்கி, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போய், முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்த தன் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "எம்மா, நான் பொறக்கயில கொடி என் கழுத்தைச் சுத்தியிருந்துச்சு, தெரியுமா?" என்று கேட்டான்.

அவளுக்குத் தெரியாது. வலியில் அவள் கூரையைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மகன்தான் சொன்னான். ஆஸ்பத்திரித் தகரத்தில் மழை அடித்த சத்தத்தையும், கரண்டு போனதும் ஆயா டார்ச்லைட்டை வாயில் கவ்விக்கொண்டு வெளிச்சம் காட்டியதையும், நீலம் பாரித்த ஒரு பிள்ளை இரண்டு கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு வந்ததையும், கொடிக்கு அடியில் விரலை நுழைத்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றியதையும், அந்தச் சின்ன வாயின்மேல் வாய் வைத்து ஊதியதையும் அவன் சொன்னான். பிள்ளை கிடந்த இடத்திலிருந்து அவன் அதைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பிடித்த கைகள் இருந்த இடத்திலிருந்து பார்த்திருந்தான். அந்தக் கைகளில் இருந்த கனம் அவனுடைய கனம். செத்துவிடுமோ என்ற பயம் யாருடையதோ, ஆனால் அது அவன் நெஞ்சில் அடித்தது. பிள்ளை அழுததும் வந்த சந்தோஷமும் அப்படித்தான். முப்பத்துச் சொச்சம் வயதில் அவன் தன்னையே கையில் ஏந்திப் பார்த்திருந்தான்.

அந்தச் சேதி மில் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மின்வாரிய ஆபீஸிலிருந்து வீடு திரும்பிய பியூலா, தெருக்குழாயடியில் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவள் அம்மா சலோமி மலைப்பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இளமையிலேயே வந்து சேர்ந்து, தலை நரைத்து ஓய்வுபெறும்வரை பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். ஊரில் பாதிப்பேரை இந்த உலகத்தில் முதலில் தொட்டது அவள் கைதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்டார் கட்ட உச்சிமாகாளி வரும்போதெல்லாம் அந்த மழைநாள் கதையைப் பியூலாவிடம் சொல்லிச் சொல்லி, அவன் போன பிறகு வாயைத் துடைத்துக்கொள்வாள், அன்றைக்கு ஊதிய ஈரம் இன்னும் காயாத மாதிரி.

"அம்மா, உச்சிமாகாளிக்குத் தான் பொறந்தது ஞாபகம் வந்திருக்காம். கொடி சுத்தினது, நீங்க வாய் வச்சு ஊதினது எல்லாத்தையும் சொல்லுதானாம்" என்றாள் பியூலா.

சலோமி பக்கத்து ஊர்ச் சேதியைக் கேட்பதுபோலக் கேட்டாள். "பாவம். பிள்ளை பொழைச்சுதா?" என்று விசாரித்தாள்.

பியூலாவின் சிரிப்பு அத்தோடு நின்றுபோனது. அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகவே மறதிதான். குழம்பில் இரண்டுதரம் உப்பு விழும், சந்தையிலிருந்து திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று முக்கில் நின்றுவிடுவாள். அதைப் பியூலா முன்பே அடையாளம் கண்டிருந்தாள், ஏனென்றால் அவள் அதைச் சிறுமியாக இருக்கும்போதே வேறு முகங்களில் பார்த்தவள். சலோமியின் தாய்க்கு அப்படித்தான் தொடங்கியதாம். சலோமியின் அக்கா பெர்சிஸுக்கும் அப்படித்தான். அந்தப் பெரியம்மா கடைசியில் கண்ணாடியில் தெரிந்தவளுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். இது ரத்தத்தில் இறங்கி வருகிற சங்கதி என்று யாரும் சொல்லாமலே பியூலாவுக்குப் புரிந்துபோயிற்று. நாசரேத்திலிருந்து தவசிங் வாத்தியார் பெண் கேட்டு வந்தபோது, அவரைப் பிடித்திருந்தும், மீசை பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். தன்னோடு இது நிற்கட்டும், இன்னொரு பிள்ளைக்குள் இறங்க வேண்டாம் என்று அவள் நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவும் மீசையைத்தான் நம்பினாள். பியூலாவின் அப்பா, சுகாதாரத்துறையில் ஜீப் ஓட்டியவர், அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தார். இப்போது பியூலாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

உச்சிமாகாளிக்குப் பிறகு ஊரில் அது அங்கங்கே வரத் தொடங்கியது. பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றவனுக்கு வந்தது. மாவை விசிறிப் போட்ட கை அந்தரத்தில் நிற்க, தன்னைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கையை இறக்கினான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கு வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுதுவிட்டு மிச்சக் கணக்கை முடித்தாள். சிங்கப்பூரில் கிரேன்மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு வந்தது, நாக்பூர் தாண்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு வந்தது, அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தாயாருக்குப் போன் போட்டு, ரொம்ப வலிச்சுதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். சொத்துத் தகராறில் பெற்றவளோடு பல காலமாகப் பேச்சில்லாமல் இருந்த அரிசி மண்டிக்காரருக்கு வந்தது. மறுநாள் அவர் தாயாரைக் கடைக்கு அழைத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்துத் தான் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் விஷக்காய்ச்சல் என்றார்கள். பிறகு குடிதண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று தொட்டியைக் கழுவினார்கள். வந்தவர்கள் எல்லாரும் சலோமி சிஸ்டர் கையில் பிறந்தவர்கள் என்பதும், ஒருவருக்கு வந்த அன்றே சிஸ்டருக்கு அந்தப் பிரசவம் துடைத்துவிட்ட மாதிரி மறந்துபோகிறது என்பதும் தெரிந்ததும் ஊர் சமாதானமாகிவிட்டது. ஆஸ்பத்திரி அம்மா தன்னிடம் இருந்ததை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவுதானே என்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால், கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்பதுபோல, "உனக்கு வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டார்கள். வந்தவர்கள் ஒரு பொட்டலம் சீனி வாங்கிக்கொண்டு மில் தெருவுக்குப் போய் சிஸ்டர் வாயில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வருவது வழக்கமாயிற்று. பிள்ளை பிறந்தால் சீனி கொடுப்பார்கள். இவர்கள் தாங்கள் பிறந்ததற்குத் தாங்களே கொடுத்தார்கள். சலோமி கூச்சத்தோடு வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு, "என்ன பிள்ளை?" என்று கேட்பாள். மீசையில் நரை எட்டிப்பார்க்கிற ஆட்கள் முன்னால் நின்று, "ஆம்பளப் பிள்ளை, சிஸ்டர்" என்பார்கள்.

வள்ளிமயிலுக்கு வந்த நாளில்தான் ஊர் இதைச் சிரித்துப் பேசுவதை விட்டது. மார்க்கெட்டில் கத்திரிக்காய் விற்கிற வள்ளிமயில் அந்த ஊரில் பிறந்தவளே இல்லை, வாக்கப்பட்டு வந்தவள். அவளுக்கு ஏன் வர வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. தராசைப் பிடித்தபடி அவள் நின்றுவிட்டாள். கேட்டவர்களுக்குப் பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவளுக்கு முதல் பிள்ளை இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் செத்துப் பிறந்தது. அந்தக் காலத்தில் அப்படிப் பிறந்ததைத் தாய்க்குக் காட்டமாட்டார்கள். துணியில் சுற்றித் தகப்பனிடம் கொடுத்துவிடுவார்கள், அவன் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். பொண்ணா பையனா என்றுகூட அவள் கேட்கவில்லை, கேட்க விடவில்லை. இப்போது தராசுத் தட்டுக்கு முன்னால் நின்று அவள் பார்த்தாள்: பெண் பிள்ளை. அப்பனைப்போலவே கூடின புருவம். நீள விரல். அதைத் துணியில் சுற்றுவதற்கு முன்னால் அந்தக் கைகள் வெந்நீர் கொண்டுவரச் சொல்லிக் குளிப்பாட்டின. உயிருள்ள பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலவே காதுக்குள் தண்ணீர் போகாமல் விரலால் மூடிக்கொண்டு குளிப்பாட்டின. ஈரத் தலையை விரலாலேயே கோதிவிட்டு, போயிட்டு வா ராசாத்தி என்று சொல்லித்தான் சுற்றின.

உரியவள் உயிரோடு இல்லாததால் அந்த நினைவு தாயைத் தேடி வந்திருந்தது. வள்ளிமயில் கடையை அப்படியே போட்டுவிட்டு மில் தெருவுக்கு வந்து, சலோமியின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சலோமி கையை உருவிக்கொள்ளவில்லை. இவ்வளவு அழுதால் மயக்கம் வரும், ஏதாவது சாப்பிட்டாயா என்று அன்பாகக் கேட்டாள். அன்றைக்கு அந்தத் தெருவில் யாரும் டிவி போடவில்லை.

பியூலா அம்மாவை மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனாள். மூளை நரம்பு டாக்டர் வாசுகி, இளம் வயது, நிதானமாகக் கேட்கிறவர். ஊரில் நடப்பதையும் பியூலா ஒளிக்காமல் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார், ஊசியில் சாயம் ஏற்றி இன்னொரு ஸ்கேன் எடுத்தார், ரத்தத்தில் ஜீன் பார்க்க அனுப்பினார். எல்லாம் வந்த பிறகு பியூலாவைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். நம் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர் இருக்கிறது. மூளைக்குள் ஓடும் ஒவ்வொரு மயிரிழை ரத்தக்குழாயும் அந்தச் சுவரால்தான் ஆனது. தேவையான சர்க்கரையை, ஆக்சிஜனை உள்ளே விடும், ரத்தத்தில் வருகிற கண்டதையும் விடாது. இந்த மறதிநோய் வருகிற பலருக்கு, மறதி தொடங்கும் காலத்திலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, அந்தச் சுவர் கசிய ஆரம்பிக்கிறது, அதுவும் நினைவைச் சேர்த்துவைக்கிற இடத்தில். குறிப்பிட்ட ஒரு ஜீன் உள்ளவர்களுக்கு அந்தக் கசிவு சீக்கிரமே வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். படத்தில் அம்மாவின் மூளைக்குள் இரண்டு பக்கமும் சாயம் லேசாகப் பரவியிருந்தது, ஈரச் சுவரில் மை ஊறின மாதிரி.

"ஊர்ல நடக்கிறது அந்தக் கசிவுதானா டாக்டர்?"

"சுவர் வழியா உள்ள என்ன போகுதுன்னுதான் நாங்க படிச்சிருக்கோம். வெளிய என்ன போகுதுன்னு யாரும் இதுவரைக்கும் பார்க்கலை" என்றார் டாக்டர். அந்தப் படத்தைத் திரும்ப ஒருதரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஜீன் விஷயத்தைச் சொன்னார். அந்த ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வரும். அம்மாவுக்கு இரண்டுமே அந்த வகை. "அப்படின்னா நீங்க அவங்க வயித்துல பொறந்தவங்க, உங்களுக்கு ஒண்ணு நிச்சயமா இருக்கும். ரெண்டாவது இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி. இருந்தா வந்தே தீரும்னு அர்த்தம் இல்லை, வாய்ப்பு கூட, அவ்வளவுதான். தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணினா மட்டும் பார்ப்போம்."

அன்றைக்குப் பியூலா ரத்தம் கொடுக்கவில்லை. தெரிந்துகொண்டு என்ன செய்ய என்று திரும்பி வந்துவிட்டாள். பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள், பியூலா அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தாள், அந்தத் தோலுக்கும் எலும்புக்கும் பின்னால் ஒரு சுவர் ஊறிக்கொண்டிருப்பதையும், ஊறுகிற ஒவ்வொரு சொட்டும் எங்கோ ஒரு மனிதனைத் தேடிப்போய் அவனை அவன் கையிலேயே கொடுப்பதையும் நினைத்தபோது, பயத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று அவளுக்குள் வந்தது. சர்ச்சில் எல்லாரும் எழுந்து நிற்கும்போது தானும் நிற்பாளே, அப்படி இருந்தது.

ஊரில் எல்லாரும் அதை வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. தையல்கார மீரான் மில் தெருப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். தனக்கு வந்தால் சிஸ்டரிடம் ஒன்று குறையும், தன்னுடையது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, தூரத்தில் இருந்தால் வராது என்பதுபோல் சுற்றிக்கொண்டு போனார். அவரைப்போல இன்னும் பலர் இருந்தார்கள். அவர்கள் மசூதியிலும் கோயிலிலும் சர்ச்சிலும் தங்களுக்கு வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார்கள். ஆனாலும் ஊசியில் நூல் கோக்கும்போது மீரானுக்கு வந்துவிட்டது. அவர் சீனி வாங்கவில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்போல வந்து, சலோமிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, தான் பிறந்த கதையை ஆதியோடு அந்தமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொன்னால் திரும்ப அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பினார்.

சேரவில்லை. ஆனால் சலோமி தாடையில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கேட்டாள். கால் முதலில் வந்த பிள்ளை, பெரிய டாக்டர் ஊரில் இல்லை, நர்ஸம்மா முழங்கைவரை எண்ணெய் தடவிக்கொண்டு பிள்ளையை மெல்லத் திருப்புகிறாள் என்கிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை வெளியே வந்ததும் மூச்சை விட்டாள். முடிந்ததும் கேட்டாள்:

"அந்த நர்ஸம்மா யாரு?"

மீரான் பியூலாவைப் பார்த்தார். பியூலா தலையைக் குனிந்துகொண்டாள். "நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலதான் இருந்தாங்க" என்றார் மீரான்.

"கைராசிக்காரி" என்றாள் சலோமி. அன்று சோறு நிறையச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து தினமும் பொழுது இறங்கும் நேரத்தில் யாராவது ஒருவர் வந்து தன் கதையைச் சொல்வது என்று ஊர் தானாகவே முறை வைத்துக்கொண்டது. உச்சிமாகாளி வந்து மழைச் சத்தத்தோடு சொன்னான். டீச்சர் வந்து வகுப்பெடுப்பதுபோலச் சொன்னாள். சிங்கப்பூர்க்காரன் போன் வழியே சொன்னான். பக்கத்து வீட்டு ஹமீதா அக்கா தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்து கேட்பாள். சலோமி தன் கைகளின் சரித்திரத்தை, யாரோ ஒருத்தியின் சரித்திரமாக, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டு வியந்தாள்.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த பியூலாவுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எந்த நர்ஸும் தன் பிரசவத்தைத் தானே பார்க்க முடியாது. தன்னை ஏந்தியது வேறு யாருடைய கைகளோ. ஆகவே அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்து சேர ஒன்றும் இல்லை, அம்மாவிடம் அவள் இருக்கிற இடத்திலேயே இருப்பாள். அதுபோலவே நடந்தது. சலோமி தெருவை மறந்தாள், சாமான் பெயரை மறந்தாள், சர்ச்சில் பாட்டுக்கு நடுவில் நின்றுவிட்டாள், ஆனால் சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் "ஏ பியூலா, வந்துட்டியா?" என்று சலோமியின் குரல் தவறாமல் வரும். அந்தக் குரல் இருக்கிற தைரியத்தில்தான் பியூலா ஒருநாள் டாக்டரிடம் போய்க் கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள். அம்மாவுக்குப் பின்னால் இந்த வழியில் போகப்போவது தான்தான் என்றால், வழி எப்படி என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது.

முடிவு வந்துவிட்டது, நேரில் வாருங்கள் என்று டாக்டரிடமிருந்து சேதி வந்தது. ஹமீதா அக்காவை அம்மாவோடு உட்காரவைத்துவிட்டு, பியூலா காலைப் பஸ் பிடித்தாள். சாத்தூர் தாண்டி, வெயில் ஏறின கரிசல் காட்டுக்கு நடுவில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போது, அவள் முகத்தில் பனி அடித்தது.

மலை. தேயிலை. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரையில் மூடுபனி சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஒரு சின்னப் பெண், கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், கூட யாரும் இல்லை. கங்காணி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தான். கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. பியூலாவுக்கு அந்தக் கைகளைத் தெரியும். அவளுக்குச் சோறு ஊட்டின, தலை பின்னிவிட்ட கைகள், மோதிர விரலில் சின்ன வெட்டுத் தழும்பு உள்ள கைகள், ஆனால் இளசாக, சுருக்கமில்லாமல். அந்தக் கைகளுக்குள் ஒரு பெண் பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்தது. அது தான் என்பது, தண்ணீரில் முகம் பார்த்தால் தெரிவதுபோலத் தெரிந்தது.

பிறகு ரத்தம் நிற்கவில்லை. கைகள் வயிற்றை அமுக்கிப் பிடித்தன, பிடித்தபடியே அந்தப் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தன, உன் பேர் என்ன, ஊர் எது, கண்ணை மூடாதே. செங்கமலம் என்றாள் அவள். ஊரைச் சொல்லவில்லை. வழியில் மரம் விழுந்துகிடந்ததால் ஜீப் வருவதற்குத் தாமதமாயிற்று. செங்கமலம் பிள்ளையைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜீப் வந்து, அதிலிருந்து அப்பா இறங்கி ஓடிவந்தபோது செங்கமலத்தின் உயிர் போய்விட்டிருந்தது. பிள்ளையைக் கேட்டு யாரும் வரவில்லை. கைகள் பிள்ளையைத் தொட்டிலில் போடாமல் வைத்துக்கொண்டே நின்றன. அந்த நெஞ்சில் அன்றைக்கு என்ன இருந்ததோ அதுவும் அப்படியே வந்தது: தன் தாயின் பார்வை காலியாகிக்கொண்டு வருவதைப் பார்த்தவளின் பயம், என் வயிற்றில் ஒன்று வேண்டாம், இது என்னோடு நிற்கட்டும் என்று எடுத்த முடிவு, அதற்கு மேலே, வெயில் விழுந்த மாதிரி ஒரு சந்தோஷம்: இந்தப் பிள்ளைக்குள் என் ரத்தம் இல்லை, இது தப்பித்துவிட்டது, இதை நான் பயமில்லாமல் வளர்க்கலாம்.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பியூலா வாங்கிக் குடித்தாள். அம்மாவின் ஜீன் தனக்குள் இல்லை என்பதும், அந்நேரம் வீட்டில் அம்மா தன்னை மறந்துவிட்டிருப்பாள் என்பதும் ஒன்றாகவே அவளுக்குப் புரிந்தது. எது எதற்கு விலை என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அடுத்த ஊரில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, நெடுவரம்பு போகிற பஸ்ஸில் ஏறினாள். அங்கிருந்து டாக்டருக்குப் போன் செய்தாள்.

"எனக்கு ஒண்ணுகூட இல்லைன்னுதான வந்திருக்கு டாக்டர்?"

டாக்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமா. அப்படி வர வழியே இல்லை. சாம்பிள் மாறியிருக்கும்னு நினைக்கிறேன், இன்னொருதரம் எடுத்துடலாம்."

"மாறலை டாக்டர்" என்றாள் பியூலா. "அது நான்தான்."

கேட்டைத் திறந்தபோது குரல் வரவில்லை. ஹமீதா அக்கா வாசலுக்கு வந்து, சிஸ்டர் காலையிலிருந்து ஒருமாதிரி அமைதியாக இருப்பதாகச் சொன்னாள். சலோமி உள்ளே துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்து, "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

வருகிற வழியெல்லாம் பியூலாவுக்குள் அழுகைதான் இருந்தது. இப்போது அது கோபமாகக் கிளம்பியது. நாசரேத்து ஆள் திரும்பிப் போன நாள், பூட்டிவைத்த ஆசை, பிறக்கவிடாமல் வைத்த பிள்ளைகள், எல்லாம் இல்லாத ஒரு ரத்தத்துக்காக. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாம்மா" என்றாள். "உங்க ரத்தம்னு நினைச்சுத்தான நான் எல்லாத்தையும் வேண்டாம்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா." ஆனால் தானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மீசை என்றுதான் சொன்னாள் என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

சலோமி துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வார்டு வராந்தாவில் நிற்கிற சொந்தக்காரர்களிடம் காலமெல்லாம் பேசின குரலில், தோளைத் தொட்டு, "அழாதீங்க" என்றாள். "பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லை. பிள்ளை நல்லா இருக்கு."

பியூலா அந்தத் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். சலோமி அவசரப்படுத்தவில்லை.

பிற்பகலில் பியூலா முகம் கழுவிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள். பலசரக்குக் கடையில் போய் ஒரு பொட்டலம் சீனி என்றாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். சீனியை நல்ல தாளில் மடித்து இரண்டு கையாலும் கொடுத்தார். சிஸ்டர் மகளுக்கே வந்துவிட்டது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் அவள் திரும்பி வரும்போது தெருவில் யாரும் குசுகுசுக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. தையல் மெஷினை நிறுத்திவிட்டு மீரான் எழுந்து நின்றார். குழாயடியில் இருந்தவர்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள், கல்யாணப் பெண்ணுக்கு வழிவிடுவதுபோல.

அன்றைக்குச் சாயங்காலம் முறைப்படி கதை சொல்ல வேண்டியவன் பரோட்டாக்காரன். அவன் வந்து பார்த்துவிட்டு, பாயின் ஓரத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டான். வீடு நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பியூலா விருந்தாளி உட்காருகிற இடத்தில், அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஒரு சிட்டிகை சீனியை அந்த வாயில் போட்டாள்.

"என்ன பிள்ளை?" என்றாள் சலோமி.

"பொம்பளப் பிள்ளை, சிஸ்டர்."

பிறகு சொன்னாள். மலையை, தேயிலையை, ஓட்டில் சொட்டின பனியைச் சொன்னாள். செங்கமலத்தின் கறுத்த விரல்களைச் சொன்னாள். மரம் விழுந்த பாதையையும் ஜீப்பையும் சொல்லும்போது வள்ளிமயில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நர்ஸம்மா பிள்ளையைத் தொட்டிலில் போடாமல் நின்றாள் என்று சொல்லிவிட்டுப் பியூலா நிறுத்தினாள்.

சலோமி தாடையிலிருந்து கையை எடுத்தாள். "அந்தப் பிள்ளையை யார் எடுத்துக்கிட்டா?"

"அந்த நர்ஸம்மாவே எடுத்துக்கிட்டாங்க."

"பெத்தது இல்லையே. கடைசிவரைக்கும் அவளைப் பார்க்குமா அது?"

"பார்க்கும். கூடவேதான் இருக்கு."

சலோமியின் முகத்தில் இருந்த கவலை, பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் போகிற கவலைபோல மெல்லப் போயிற்று. எதிரே இருந்தவளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவ குடுத்துவச்சவ" என்றாள்.